கப்பல் சீட்டும் வாலிபர் கடமையும்

அம்பாங்கின் பழங்கதை உழைப்பாளியின் கதையே. 1857-இல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர் கிள்ளான் ஆற்றின் வழியே வந்து, கோம்பாக் ஆறு கூடுமிடத்தில் இறங்கி, காட்டினூடே நடந்து இங்கு ஈயம் தோண்டினர். அவர்களுள் பெரும்பாலோரைக் காய்ச்சல் சின்னாளிலேயே கொன்றது. ஆயினும் வேறு கைகள் வந்தன, ஈயம் வெளிவந்தது, கோலாலம்பூர் எழுந்தது. பின்னர் இருப்புப்பாதைக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் தமிழர் வந்தனர். அவர்களிடமும் இந்நாடு கேட்டது தோள்வலிமை ஒன்றையே. அத்தோள் தளர்ந்தபின் அம்மனிதன் எங்கே போவான்? இதனைக் கேட்டோர் அன்று மிகச் சிலர். நாம் இன்று கேட்கிறோம்.

லயத்தில் குடியிருந்தவனுக்கு அவ்வீடு சொந்தமன்று. வேலை உள்ளவரை கூரை. வேலை போயின் கூரையும் போயிற்று. 1907-இல் முதலாளிகளிடம் வரி வாங்கி அமைக்கப்பெற்ற குடியேற்ற நிதி, ஆட்களைக் கொண்டுவரவே முதன்மையாகப் பயன்பட்டது. உழைக்க இயலாதாரைத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பவும் அதிலிருந்தே செலவிட்டனர். வருங்கால் ஒரு கப்பல் சீட்டு; போகுங்கால் ஒரு கப்பல் சீட்டு; இடையே ஓர் ஆயுளின் உழைப்பு! 1930 முதல் 1932 வரை, ரப்பர் விலை வீழ்ந்த காலத்தில், ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட தென்னிந்தியர் இவ்வாறு அனுப்பப்பட்டனர். பல்லாண்டு கழித்து ஊர் திரும்பிய முதியவனை அடையாளங்காண அங்கே எத்தனை பேர் இருந்திருப்பர்?

இதற்கும் வாலிபர்க்கும் என்ன தொடர்பு எனச் சிலர் வினவலாம். அவர்கட்குக் கெடாவை நினைவூட்டுகிறோம். 1946, 1947 ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத் தோட்டங்களில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்து இளைஞர் சீருடை தரித்து அணிவகுத்தனர். குடும்பங்களைக் கெடுத்த கள்ளை எதிர்த்தனர். 1947-இல் அவ்வியக்கம் போலீஸாரின் அடக்குமுறைக்கு ஆளாயிற்று. படை மறைந்தது, பாடம் மறையவில்லை. செல்வமும் பட்டமும் இல்லா இளைஞரும் ஒழுங்காகக் கூடினால் சமூகத்தின் தீமையை எதிர்த்து நிற்கலாம் என்பதே அப்பாடம்.

இன்று சட்டங்கட்குக் குறைவில்லை. 1946-இல் சமூகநலத் துறை தோன்றிற்று. 1951-இல் ஊழியர் சேமநிதி வந்தது. 1993-இல் பராமரிப்பு நிலையங்களுக்கும் சட்டம் பிறந்தது. ஆனால் உரிய காகிதம் இல்லாதவனுக்குச் சட்டம் எளிதிற் கதவு திறப்பதில்லை. சுதந்திரத்தின்போது குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தவறிய தோட்டப் பாட்டாளிகள் பலர். 1969 முதல் அத்தகையோர் வேலை செய்ய உரிமம் பெறவேண்டும் என்றாயிற்று. பல்லாயிரவர் மீண்டும் கப்பலேறினர். தங்கியோர் சிவப்பு அடையாள அட்டையுடன் மூப்படைந்தனர். 2011 பிப்ரவரியில் ‘மைடஃப்தார்’ என்னும் பதிவு இயக்கம் நடந்தது. 2018-இலோ, அறுபது வயதும் அதற்கு மேலும் ஆன 3,407 இந்தியர்க்குக் குடியுரிமை வழங்குவதாக அரசாங்கம் அறிவித்தது. தம் வியர்வையால் வளர்ந்த நாட்டில், நரை தோன்றிய பின்னும் குடிமகன் என்னும் பெயருக்குக் காத்திருந்த முதியோர் இவர்கள்!

இங்கேதான் வாலிபரின் கை வேண்டும். படிவம் மலாயில் உள்ளது. பாட்டியின் நினைவோ தமிழில் உள்ளது. எந்தத் தோட்டம், எந்தக் கங்காணி, எந்த ஆண்டு என்று பொறுமையுடன் கேட்டு, அந்நினைவைக் காகிதத்தில் ஏற்ற வல்லவர் இரு மொழியும் அறிந்த பேரப்பிள்ளைகளே. மருத்துவமனை வரிசையில் உடன் நிற்பதும், மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வதும் அத்தகைய தொண்டே. இவற்றுக்குப் பணம் வேண்டா; நேரம் வேண்டும்.

பிற நாட்டாரும் இவ்வாறே தொடங்கினர். 1970-களில் டில்லியில் பள்ளிப் பிள்ளைகள் முதியோர்க்காக நடந்து நிதி திரட்டினர். அத்தகைய முயற்சிகளிலிருந்தே 1978-இல் ‘ஹெல்ப்ஏஜ் இந்தியா’ உருவாயிற்று. நம் நாட்டிலோ தேவை ஆண்டுதோறும் பெருகுகிறது. 2010-இல் மக்கள்தொகையில் நூற்றுக்கு 5 பேராக இருந்த அறுபத்தைந்து வயதினரும் மூத்தோரும் 2020-இல் 6.8 ஆயினர். தோட்டங்கள் வீடமைப்புகளாயின. லயத்தில் அண்டை வீட்டார் குரல் கேட்டு வாழ்ந்த மூதாட்டி, இன்று அடுக்குமாடியில் கதவடைத்துத் தனியே இருக்கிறாள்.

அம்பாங் வாலிபரே, தீபாவளிக்கு ஒரு நாள் அரிசிப் பை கொடுத்துப் படம் பிடித்துக்கொள்வது தொண்டாகாது. அந்தப் பை பத்து நாளில் தீரும். மீதி நாட்களில் அக்கதவை யார் தட்டுவது? வாரம் ஒருமுறை ஒரே வீட்டுக்குச் செல்லுங்கள். சென்ற வாரம் சொன்ன கதையையே அவர் மறுபடி சொன்னாலும் கேளுங்கள். தோள் தளர்ந்தவனுக்குக் கப்பல் சீட்டு நீட்டிய காலம் போயிற்று. அவ்விடத்தில் நாம் நீட்டப்போவது எது என்பதை வருங்காலம் எழுதும்.