தண்ணி நிக்காத மண்: குலசேகரன்பட்டினத்துத் தேரிக்காட்டின் கதை

குலசேகரன்பட்டினம் என்று ஃபோனில் தேடினால் முதலில் ரெண்டு விஷயம் வரும். ஒன்று, முத்தாரம்மன் கோயில் தசரா. இன்னொன்று, இஸ்ரோ அங்கே அமைக்கும் ராக்கெட் ஏவுதளம். இன்றைய எபிசோட் அந்த ரெண்டையும் பற்றியது இல்லை. அந்த ஊருக்கு மேற்கே, வடக்கே திருச்செந்தூர் பக்கம், தெற்கே திசையன்விளை பக்கம் என்று பரந்து கிடக்கிற சிவப்பு மணலைப் பற்றியது. உள்ளூர்க்காரர்கள் அதைத் தேரி என்பார்கள். சினிமாவில் எங்கேயாவது பார்த்திருப்பீங்க. ராஜஸ்தானைச் செங்கல் நிறத்தில் தோய்த்து எடுத்த மாதிரி இருக்கும்.

ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கலாம். ஒரு மண்ணைப் "பயனில்லாத மண்" என்று யார் முடிவு பண்றாங்க?

முதலில் பக்கத்து வீட்டைப் பார்த்துடுவோம். பொதிகை மலையில் பிறக்கிற தாமிரபரணி, ஸ்ரீவைகுண்டம், ஆத்தூர் வழியாக வந்து புன்னைக்காயல் அருகே கடலில் சேர்கிறது. ஆற்றின் இரண்டு கரையிலும் வண்டல் மண். நெல், வாழை, ஆத்தூர் வெற்றிலை. வண்டலுக்குத் தண்ணியைப் பிடித்து வைக்கத் தெரியும். அதனால்தான் அங்கே அணைக்கட்டு, கால்வாய், குளம், பெரிய கோயில், அக்ரஹாரம், ராஜாக்களின் கல்வெட்டு எல்லாம். கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டம் அணை 1870களில் வெள்ளைக்கார அரசு கட்டியது. ஆத்தூரிலிருந்து தெற்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம் கூட ஆகாது, காட்சி மொத்தமாக மாறிவிடும். வயல் போய், பனையும் உடைமரமும் செம்மணலும் வரும்.

இந்த மணல் ஏன் சிவப்பு? அடிப்படையில் இது சாதாரண குவார்ட்ஸ் மணல்தான். ஒவ்வொரு மணல் துகள் மேலேயும் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. கூடவே இல்மனைட், கார்னெட் மாதிரி கனமான தாதுக்களும் உண்டு. இந்தப் பெயர்களை ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையில் பின்னாடி திரும்ப வரும்.

மணலை இங்கே குவித்தது காற்று. தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்தப் பக்கமே பெய்து தீர்ந்துவிடும். மலைக்கணவாய் வழியாக இந்தப் பக்கம் வருவது ஈரம் குறைந்த வேகமான காற்று மட்டும். ஆடி மாதத்தில் ஆளையே தள்ளும். அந்தக் காற்று உள்நாட்டுச் செம்மண்ணை வாரிக் கொண்டுவந்து கொட்டியதா, பழைய கடற்கரை மணலையே மேடாகக் குவித்ததா என்பதில் புவியியலாளர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பல்லாவரத்தில் 1863-ல் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டை நம்ம கேட்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவரும் இந்தத் தேரிகளை ஆராய்ந்து எழுதியவர்தான்.

இப்போ மண்ணோட குணம். மழை பெய்தால் தேரியில் தண்ணி ஓடாது, தேங்காது. விழுந்த இடத்திலேயே உள்ளே இறங்கிவிடும். மண் அறிவியலில் இதை மிகை வடிகால் மண் என்று சொல்லலாம். தண்ணியோடு சேர்ந்து சத்தும் கீழே போய்விடும். அதனால் நெல் விளையாது. குளம் வெட்டினால் நிற்காது.

உலகத்தில் இந்த மாதிரி மண் நிறைய இடத்தில் உண்டு. லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில், 4,000 மீட்டருக்கும் மேலே, கல்லும் சரளையுமான மண். அங்கேயும் தண்ணி தங்காது, கூடவே கடும் குளிர். அங்குள்ள சாங்பா மேய்ப்பர்கள் கண்டுபிடித்த வழி, நகர்ந்துகொண்டே இருப்பது. புல் இருக்கும் இடத்துக்கு ஆட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள். தேரிக்காட்டு மக்கள் கண்டுபிடித்த வழி வேறு. அவர்கள் கீழே பார்த்தார்கள்.

ஏன்னா, உள்ளே இறங்கின தண்ணி காணாமல் போவதில்லை. மேலே இருக்கும் காய்ந்த மணல் ஒரு மூடி மாதிரி வேலை செய்கிறது. பருமணலில் அடி ஈரம் சுலபமாக மேலே ஏறி வராது. அதனால் வெயில் அதை உறிஞ்சவும் முடியாது. மேலே கால் சுடும், அடியில் ஈரம் இருக்கும். தேரி முடியும் தாழ்வான இடங்களில் அந்தத் தண்ணி தேங்கும். அதற்குப் பெயர் தருவை. புத்தன்தருவை என்று ஒரு ஊரே இருக்கிறது. மேலப்புதுக்குடியில் செம்மணலுக்கு நடுவே ஒரு சுனை, அதைக் காவல் காக்கும் சாமி அருஞ்சுனை காத்த அய்யனார். அந்தப் பெயரிலேயே ஊரோட நீர்க் கொள்கை இருக்கு, பாருங்க. தேரிக்காட்டில் தண்ணி காக்கப்பட வேண்டிய பொருள்.

இங்கே மனிதர்கள் வாழ ஆரம்பித்ததும் நேற்று இல்லை. சாயர்புரம், மெஞ்ஞானபுரம், காயாமொழி, புத்தன்தருவை மாதிரி இடங்களில் தேரியிலிருந்து நகம் அளவே உள்ள கல் கருவிகள் கிடைத்தன. நுண்கற்கருவிகள் என்று சொல்வோம். சாய்னர், ஆல்ச்சின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இவற்றைப் பற்றி 1956-ல் 'ஏன்ஷியன்ட் இந்தியா' இதழில் எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. அவர்கள் போட்ட சித்திரம் இது: மணல்மேடுகளுக்கு நடுவே, காயல் ஓரமாகத் தங்கி, மீன் பிடித்தும் வேட்டையாடியும் வாழ்ந்த மக்கள். கீழடி, ஆதிச்சநல்லூர் பற்றிப் பேசும்போது நாம் தாண்டிப் போய்விடும் காலம் அது. இரும்புக்கும், மட்பாண்டத்துக்கும் ரொம்ப முன்னாடி.

அதுக்கப்புறம் வந்த பெரிய கதாநாயகன் பனை. மணலில் ஆழமாக வேர் விட்டு, வண்டல் மரங்கள் செத்துப்போகும் வறட்சியிலும் நிற்கும். விதை போட்டவர் பதநீர் குடிக்கப் பதினைந்து, இருபது வருஷம் காத்திருக்கணும். அதற்கப்புறம் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கும். தை, மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும் பதநீர்ப் பருவம். ஒரு பனையேறி தினமும் முப்பது, நாற்பது மரம் ஏறுவார், அதுவும் காலையிலும் மாலையிலுமாக. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். கீழே குடிசையில் பெண்கள் அடுப்பைப் பற்றவைத்து, மணிக்கணக்கில் கிண்டி, சிரட்டையில் ஊற்றி எடுப்பது கருப்பட்டி. உடன்குடிக் கருப்பட்டிக்கு இப்போ புவிசார் குறியீடு இருக்கு. மண்ணில் தங்காத தண்ணியை மரம் வழியாக மேலே இழுத்து, இனிப்பாக்கி, கட்டியாக்கி, வருஷம் முழுக்க வைத்துச் சாப்பிடும் ஏற்பாடு என்று சொன்னாலும் தப்பில்லை.

மரம் ஏறுபவர் ஒருவர், மரமும் நிலமும் இன்னொருவருடையது என்ற நிலைமையும் பல இடத்தில் இருந்தது. பருவம் முடிந்தால் வேலை இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கேயிருந்து பலர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறினார்கள். தேரிக்காட்டு வாழ்க்கையை அழகான கிராமத்துக் கதையாக மட்டும் சொல்லிவிட முடியாது.

1841-ல் இந்த மணல்நாட்டின் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தவர் ராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீங்க. அதற்கு முன்பே, 1849-ல், பனையேறும் மக்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். வறண்ட மண்ணையும் அந்த மக்களின் வாழ்க்கையையும் கவனித்து எழுதியவர், அவர்களைப் பற்றித் தாழ்வான தீர்ப்புகளையும் சேர்த்தே எழுதினார். அந்தச் சமூகத்தில் படித்து மேலே வந்தவர்கள் பிற்பாடு அந்த நூலைக் கடுமையாக எதிர்த்தார்கள். மண்ணைத் தாழ்வாகப் பார்த்த அதே பார்வை மனிதர்கள் மேலேயும் விழுந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இதே மண் ஒரு தொழிற்சாலைக்கும் சோறு போட்டது என்பது இன்று பலருக்குத் தெரியாது. குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனிக்கு ஒரு சர்க்கரை ஆலை இருந்தது. கரும்பு இல்லை, பனங்கருப்பட்டியிலிருந்து சர்க்கரை. சரி, கருப்பட்டியை ஆலைக்கு எப்படிக் கொண்டுவருவது? வண்டிச் சக்கரம் புதைகிற மணல். அதனால் 1910களில் குறுகிய இருப்புப் பாதை ஒன்றைப் போட்டார்கள். திசையன்விளையிலிருந்து உடன்குடி வழியாகக் குலசேகரன்பட்டினம், அப்படியே திருச்செந்தூர். கருப்பட்டியும் ஏறியது, பயணிகளும் ஏறினார்கள். 1940 வாக்கில் அந்த ரயில் நின்றுபோனது. ரயில்வே ஸ்டேஷன் இல்லாத குலசையைத்தான் நாம் இன்று பார்க்கிறோம்.

அடுத்த திருப்பம், நான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன இல்மனைட். அதிலிருந்து எடுப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெள்ளை பெயின்ட்டில் இருப்பது. 2002-ல் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலிலிருந்து அதை எடுக்க டாடா ஸ்டீலுக்கும் தமிழக அரசுக்கும் புரிந்துணர்வு ஒப்பந்தம் ஆனது. 2007-ல் நிலம் கையகப்படுத்தும் பேச்சு வந்ததும் ஊர்கள் கொதித்தன. வறண்ட நிலம்தானே என்றது ஒரு தரப்பு. பனையும் முருங்கையும் முந்திரியும் நிற்கிற நிலம், எங்க கிணத்துத் தண்ணியின் தாய் என்றது இன்னொரு தரப்பு. திட்டம் கடைசியில் நடக்கவில்லை.

மண்ணோட குணத்தைத் தெரிந்துகொண்டால் இந்தச் சண்டை புரியும். தேரி ஒரு வடிகட்டி, கூடவே ஒரு தொட்டி. கடலோர மணலில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணியின் மேலே மிதக்கிற மாதிரி நிற்கும். மேலிருந்து மழை இறங்கிக்கொண்டே இருக்கும் வரை கடல் உள்ளே வராது. ஆழ்துளைக் கிணறு போட்டு அதிகமாக இறைத்தால் உப்பு உள்ளே ஏறும். உடன்குடி வட்டாரத்தில் கிணறுகள் உப்பாகி வருவது இப்போதே நடக்கிறது.

2024 பிப்ரவரி 28 அன்று ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். இங்கேயிருந்து சிறு ராக்கெட்டை நேராகத் தெற்கே விடலாம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விடுவது போல இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியதில்லை. எரிபொருள் மிச்சம். நல்ல காரணம்தான், நாம் ராக்கெட்டுக்கு எதிரி இல்லை. பக்கத்திலேயே உடன்குடி அனல்மின் நிலையமும் வருகிறது. பெரிய திட்டம் ஒவ்வொன்றும் வரும்போது "அங்கே என்ன இருக்கு, வெறும் மணல்" என்ற வரியும் கூடவே வருகிறது. பிரச்சினை அந்த வரியில்தான்.

நஞ்சை, புஞ்சை, தரிசு என்று நிலத்தைப் பிரித்தவர்கள், தண்ணி மேலே தெரிகிறதா என்று பார்த்துப் பிரித்தார்கள். தேரியில் தண்ணி கீழே இருந்தது. அளவுகோல் அங்கே எட்டவில்லை, அவ்வளவுதான். கல் கருவி செய்தவர் தொடங்கி கருப்பட்டி காய்ச்சியவர் வரைக்கும் அது தெரிந்திருந்தது.

அடுத்த முறை தசராவுக்குப் போனால், உடன்குடியில் இறங்கி ஒரு கருப்பட்டிக் காப்பி குடிச்சுட்டுப் போங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.