நடையால் அளந்த நிலம்

1955 ஏப்ரலில் ஒரு நாவலின் மூன்றாம் தொகுதி நிலப்படம் ஒன்றுக்காகக் காத்துக் கிடந்தது. ஜே.ஆர்.ஆர். டோல்கீனின் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் இரண்டு தொகுதிகளும் முந்தைய ஆண்டு ஜூலையிலும் நவம்பரிலும் வெளிவந்துவிட்டன. மூன்றாவதற்குப் பின்னிணைப்புகளோடு, ரோஹன், கோண்டோர், மோர்டோர் நாடுகளைப் பெரிய அளவில் காட்டும் படமும் வேண்டியிருந்தது. பழைய படத்தை ஐந்து மடங்கு பெரிதாக்கித் தூரங்களைச் சரிக்கட்டுவதற்கு டோல்கீன் பல நாள் உழைத்தார். கடைசி மூன்று நாள் ஏறக்குறைய ஊண் உறக்கம் இல்லை. பிறகு அவருடைய மகன் கிறிஸ்டோபர் காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து, மறுநாள் காலை ஆறு மணிவரை படுக்காமல் அதைச் சமவுயரக் கோடுகளோடு வரைந்து முடித்தார். புத்தகம் அந்த அக்டோபரில்தான் கடைக்கு வந்தது. இல்லாத நாட்டுக்கு இத்தனை பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. கற்பனை நாட்டின் படத்தை நாம் பெரும்பாலும் அலங்காரமாகவே பார்க்கிறோம். டோல்கீன் மேசையில் அது கணக்குப் பேரேடாக இருந்தது. யார், எந்த நாளில், எத்தனை மைல் நடந்து, எங்கே படுத்தார்கள் என்ற வரவுசெலவு அதில்தான் எழுதப்பட்டது. மிடில் எர்த் என்ற அந்த உலகத்தை வாசகர்கள் நம்பியதற்கு மலைகளின் வடிவமோ ஊர்ப்பெயர்களின் ஓசையோ முதற்காரணம் இல்லை, இந்த நடைக்கணக்குதான் காரணம் என்பது என் வாதம்.

கதைக்கு முன்னால் படம் வரைவது டோல்கீன் தொடங்கிய வழக்கமல்ல. 1881இல் ஸ்காட்லாந்தின் பிரேமரில் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் ஒரு தீவின் படத்தை வரைந்து வண்ணம் தீட்டினார். அந்தத் தாளிலிருந்து ‘ட்ரெஷர் ஐலண்ட்’ பிறந்தது. நூலாக்கும்போது படம் தொலைந்துபோனது. எழுதி முடித்த கதையைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, அதிலுள்ள குறிப்புகளுக்குப் பொருந்துமாறு அவர் இன்னொன்றை வரைய நேர்ந்தது. அந்த இரண்டாவது படம் தனக்கு ஒருபோதும் அந்தத் தீவாகவே தோன்றவில்லை என்று பின்னாளில் அவர் எழுதினார். படத்திலிருந்து கதை ஊறுவது ஒரு வேலை. கதையிலிருந்து படத்தைக் கறந்தெடுப்பது வேறு வேலை. டோல்கீன் இரண்டையும் ஒரே மேசையில், ஒரே காலத்தில் செய்தார். இந்த வேறுபாட்டைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

முதலில் படத்தை வைத்துக்கொண்டு, தூரங்களில் கவனமாக இருந்து, கதையை அதற்குப் பொருத்தினேன் என்று 1954இல் அவர் ஒரு கடிதத்தில் எழுதினார். இதை மேற்கோள் காட்டாத கட்டுரை அரிது. ஆனால் அவருடைய சொல்லையும் சான்றோடு ஒப்பிட வேண்டும். அந்த முதல் படத்தைப் பற்றிக் கிறிஸ்டோபர் 1989இல் விரிவாக எழுதினார். அது ஒரே மூச்சில் வரைந்த படமல்ல. பல தாள்களை ஒட்டுப்போட்டுச் சேர்த்தது. இரண்டு சென்டிமீட்டர் சதுரக் கட்டங்கள், ஒவ்வொரு கட்டமும் 100 மைல். ஓர் ஆறு இடம் மாறியபோது பழைய பகுதியின் மேல் புதுத் தாள் ஒட்டப்பட்டது. பெயர்கள் அடித்து அடித்து மாற்றப்பட்டன. அந்த ஒட்டுக்கு மேல் ஒட்டு சொல்வது இதுதான்: கதை நகர நகரப் படம் திருத்தப்பட்டது, படம் மறுத்த இடத்தில் கதை திருத்தப்பட்டது. 1955 ஏப்ரலில் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் தொனியும் மாறிவிட்டது. தூரங்களில் இருந்திருக்க வேண்டிய அளவு கவனமாக இருக்கவில்லை, பெரிய படம் ஓட்டைகளை எல்லாம் வெளியே காட்டுகிறது என்று அவர் வருந்தினார். முந்தைய பெருமிதத்தைவிட இந்த வருத்தமே அவருடைய வேலைமுறைக்கு நல்ல சாட்சி. கணக்கு வைத்திருப்பவர்தானே கணக்கு இடிப்பதற்கு வருந்துவார்?

நிலத்தோடு வானத்தையும் அவர் விடவில்லை. 1944 மே மாதம், நாவலின் நான்காம் பகுதியை எழுதிக்கொண்டிருந்தபோது, நிலா நடக்க முடியாத காரியங்களைச் செய்வதைக் கண்டுபிடித்தார்: ஓரிடத்தில் எழும் அதே பொழுதில் இன்னோரிடத்தில் மறைந்துகொண்டிருந்தது. கதாநாயகன் ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும் மோர்டோர் எல்லையை நோக்கிப் போகிறார்கள். மற்றவர்கள் வெகுதூரம் மேற்கே வேறொரு போரில் இருக்கிறார்கள். இரு கூட்டத்துக்கும் தலைக்கு மேல் நிலா ஒன்றுதான். முந்தைய அத்தியாயங்களின் பகுதிகளைத் திருப்பி எழுதுவதில் ஒரு பிற்பகல் முழுவதும் போயிற்று. முதலாம் உலகப் போரில் 1916இல் சோம் களத்தில் தகவல்தொடர்பு அதிகாரியாக இருந்தவர் அவர். எந்தப் படை எங்கே நிற்கிறது, செய்தி எத்தனை நேரத்தில் போய்ச் சேரும் என்பது அவருக்கு ஒருகாலத்தில் உயிர்ப்பிரச்சினையாகவே இருந்திருக்கும். அந்தப் பழக்கம் ஆக்ஸ்ஃபோர்டின் எழுதுமேசைவரை வந்தது என்று நினைக்க இடமிருக்கிறது. ரோஹனின் தலைநகர் எடோராஸிலிருந்து கோண்டோரின் தலைநகர் மினாஸ் திரித்துக்கு நேர்வழியில் 102 லீக், அதாவது 306 மைல் என்று கதைக்குள்ளேயே ஒரு பாத்திரம் சொல்கிறது. ரோஹன் குதிரைப்படை மார்ச் 10ஆம் தேதி புறப்பட்டு 15ஆம் தேதி விடியலில் போய்ச் சேருகிறது. நாளுக்கு 60 மைலுக்கும் மேல்: குதிரையையும் ஆளையும் வருத்தும் வேகம், ஆனாலும் நடக்கக்கூடியது. வகுத்துப் பார்க்கும் வாசகருக்கு விடை கிடைக்கிறது. வகுத்துப் பார்க்காதவருக்கும் அந்தக் களைப்பு எழுத்தில் உறைக்கிறது.

நிலவியல் தெரிந்தவர்கள் இங்கே ஒரு தடை எழுப்புவார்கள். மோர்டோரைச் சுற்றிய மலைத்தொடர்கள் பெட்டியின் மூலைபோலக் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் திரும்புகின்றன; உண்மையான பூமியில் மலைகள் அப்படி எழுவதில்லை. இந்தத் தடை சரியானது, அதை மழுப்பத் தேவையில்லை. அந்த உலகின் வடிவத்தை நிலவியலை வைத்து அமைக்கவில்லை, நாடகத் தேவையை வைத்து அமைத்தேன் என்று டோல்கீனே 1955இல் ஒப்புக்கொண்டார். ஆனால் இதனால் என் வாதம் வலுக்கிறதே தவிர, சாயவில்லை. பிழையான மலைகள் உள்ள நாட்டை லட்சக்கணக்கானவர்கள் நம்பினார்கள் என்றால், நம்பிக்கை மலைகளிடமிருந்து வரவில்லை. அந்தச் சுவரைச் சுற்றிப் போக எத்தனை நாள் ஆகும், கையிலுள்ள உணவு அதுவரை வருமா என்பதிலிருந்து வந்தது.

இன்னொரு தடை பிற்காலத்தது, கூர்மையும் அதிகம். டயானா வின் ஜோன்ஸ் 1996இல் ‘த டஃப் கைடு டு ஃபேன்டஸிலாண்ட்’ நூலில், படத்தில் பெயருள்ள ஒவ்வோர் ஊருக்கும் கதாநாயகன் போயே தீர வேண்டிய சுற்றுலாக் கதைகளை நார் நாராகக் கிழித்தார். டோல்கீனுக்குப் பின் முன்பக்கப் படம் ஒரு சடங்காகவே ஆனது உண்மை. ஆனால் அந்தக் கதைகள் எடுத்துக்கொண்டது படத்தை மட்டும், நாட்காட்டியை விட்டுவிட்டன. நாயகனின் குதிரைக்குப் புல்லும் ஓய்வும் வேண்டாத கதையில் நிலப்படம் வெறும் திரைச்சீலைதான்.

படத்தோடு நாட்காட்டியையும் எடுத்துக்கொண்டவர்கள் அட்லஸ் வரைந்த இரு பெண்கள். 1981இல் பார்பரா ஸ்ட்ரேச்சியின் ‘ஜர்னீஸ் ஆஃப் ஃப்ரோடோ’ 51 படங்களில் அந்த நடையைத் துண்டு துண்டாகத் தொடர்ந்தது. அதே ஆண்டில் அமெரிக்க நிலப்பட வரைவாளர் கரேன் வின் ஃபான்ஸ்டாட் ‘தி அட்லஸ் ஆஃப் மிடில் எர்த்’ நூலை வெளியிட்டார். புவியியல் முறைப்படி பயின்றவர் அவர். நிலத்தோற்றம், தட்பவெப்பம், தாவரம், மொழி என்று தனித்தனிப் படங்கள் போட்டதோடு, ஒவ்வொரு பயணத்துக்கும் இரவு தங்கிய இடங்களைத் தேதியிட்டுக் குறித்தார். சொந்த ஊரான ஹாபிட்டனிலிருந்து மோர்டோரின் எரிமலைவரை ஃப்ரோடோவின் வழி ஏறத்தாழ 1,800 மைல் என்று வாசகர்கள் கணக்கிடுவது அவருடைய அளவுகளை வைத்துத்தான். 1991இல் நூலைத் திருத்தி மறுபதிப்புக் கொண்டுவந்தார். வேறு எழுத்தாளர்களின் உலகங்களுக்கும் அட்லஸ் வரைந்தார். விமர்சகர்கள் கட்டுரையில் செய்ய முடியாத தணிக்கை இது: கதையில் ஒரு மைல் குறைந்தால் படத்தில் கோடு போய் முட்டாது.

அப்படி முட்டாத இடம் ஒன்று உண்டு. டோல்கீனின் ‘த ஹாபிட்’ நாவலில் (1937) கதாநாயகன் பில்போவின் கூட்டம் ஓர் ஆற்றங்கரையில் இரவு தங்குகிறது. பூதங்கள் மூட்டிய நெருப்பு அங்கிருந்தே தெரிகிறது, சிறிது நேரத்தில் போய்ச் சேருகிறார்கள். பின்னால் வந்த நாவலில் ஃப்ரோடோ அதே ஆற்றை அக்டோபர் 13 அன்று கடக்கிறான். கல்லாய்ப் போன அதே பூதங்களை 18ஆம் தேதிதான் பார்க்கிறான். மலைக்காட்டில் வழி தவறினார்கள் என்று எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் ஒரு மணி நேரம் ஐந்து நாளாகாது. ஃபான்ஸ்டாட் இந்த முரணை எடுத்துச் சொன்னார், 1988இல் கிறிஸ்டோபரும் அதை ஒப்புக்கொண்டார். டோல்கீனுக்கு இது முன்பே தெரியும். 1960இல் ‘த ஹாபிட்’ கதையையே மாற்றி எழுதத் தொடங்கினார். நாட்களும் தூரங்களும் பெரிய நாவலோடு இசைய வேண்டும் என்பதே நோக்கம். சில அத்தியாயங்களோடு நிறுத்திவிட்டார், படித்துப் பார்த்தவருக்கு அது பழைய கதையாகவே தோன்றவில்லையாம். இங்கேதான் என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று இருக்கிறது: கணக்குக்காகக் கதையைத் திருத்தினால் கதை செத்துப்போகலாம், அதை உணர்ந்து அவரே பின்வாங்கினார். அதை ஏற்கிறேன். ஆனாலும் குழந்தைகளுக்காக எழுதி, 23 ஆண்டுகளாக யாரும் குறைசொல்லாமல் படித்த கதையை, ஐந்து நாள் இடிக்கிறது என்பதற்காகப் பிரித்துப்போடத் துணிந்த எழுத்தாளர் வேறு யார்? 1966 பதிப்பில் ஆற்றுக்கு ஒரு கல்பாலத்தை மட்டும் சேர்த்தார். தூரத்தை அப்படியே விட்டுவிட்டார். இரண்டு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவர் இன்றும் அந்த ஐந்து நாளை எண்ணிப் பார்க்கலாம்.