மாணவப் பயிற்சியாளர் திட்டம் (அமெரிக்க அரசு)

அமெரிக்காவில் பொறியியல், அறிவியல், கணினி முதலிய துறைகளில் இளநிலைப் பட்டம் படிக்கும் மாணவர்கள், பட்டம் பெறுமுன்பே கூட்டாட்சி அரசின் அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் சம்பளத்துக்கு வேலை பழகும் ஏற்பாடு. ஒரு பருவம் வகுப்பு, மறு பருவம் வேலை என்பது இதன் பழைய வடிவம். ‘கோ-ஆப்’ என்பது வழக்குப் பெயர். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் ‘சாண்ட்விச்’ படிப்பு இதற்கு நெருங்கிய உறவு.

தோற்றம்

இம்முறையைத் தொடங்கி வைத்தவர் ஹெர்மன் ஷ்னைடர் என்னும் பொறியியல் பேராசிரியர். பட்டறையில் கற்க வேண்டியதைக் கரும்பலகையில் கற்பிக்க இயலாது என்பது அவர் துணிபு. 1903-இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், 1906-இல் 27 மாணவர்களுடன் இதைத் தொடங்கினார். மாணவர்கள் இரண்டிரண்டு பேராக இணைக்கப்பட்டனர். ஒருவர் வகுப்பில் இருக்கும் வாரம் மற்றவர் தொழிற்சாலையில் இருப்பார். அடுத்த வாரம் இடம் மாறுவர். இதனால் இயந்திரத்துக்கு எப்போதும் ஆள் இருந்தது, படிப்பும் தடைபடவில்லை.

அரசுப் பணியில்

1883-ஆம் ஆண்டின் பெண்டில்டன் சட்டம் சிபாரிசு நியமனத்தை ஒழிக்கப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்தது. கோ-ஆப் முறை அரசு ஆய்வுக்கூடங்களுக்கும் வந்தபோது, அந்த நல்ல விதியே பயிற்சி மாணவருக்குத் தடையாயிற்று. ஆய்வுக்கூடத்தில் பழகித் தேர்ந்தவரும் நிரந்தர வேலைக்குப் புதிதாக வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 1977 அக்டோபர் 26 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் பிறப்பித்த 12015-ஆம் ஆணை இத்தடையை நீக்கியது. படிப்பையும் பயிற்சியையும் முடித்தவரை 120 நாளுக்குள் போட்டியின்றி நியமிக்க அது வழிவிட்டது.

1994-இல் மாணவர் வேலைத் திட்டங்கள் இரண்டு பிரிவுகளாகத் தொகுக்கப்பட்டன: ஒன்று தற்காலிக வேலை, மற்றது படிப்போடு தொடர்புள்ள அனுபவ வேலை. நிரந்தர நியமனத்துக்கு வழி இரண்டாவதில்தான் இருந்தது. அதற்கு 640 மணி நேரப் பணி தேவைப்பட்டது.

பாத்வேஸ்

2010 டிசம்பர் 27 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட 13562-ஆம் ஆணையின்படி, ‘பாத்வேஸ்’ திட்டம் 2012 ஜூலையில் நடைமுறைக்கு வந்து பழைய பிரிவுகளின் இடத்தைப் பிடித்தது. பயிற்சி இடங்களைப் பொதுவில் அறிவிப்பது இதில் கட்டாயம். அறிந்த சில கல்லூரிகளுக்கு மட்டும் செய்தி போய்ச் சேர்ந்தால், தொலைவிலிருக்கும் திறமைசாலி வாய்ப்பை இழப்பார் என்பதால் இவ்விதி இன்றியமையாதது.

2024-ஆம் ஆண்டுத் திருத்தம் 640 மணியை 480 ஆகக் குறைத்தது. நியமனக் கெடுவை 180 நாளாக நீட்டியது. வாரம் 40 மணி வீதம் 16 வாரம் தேவைப்பட்ட பயிற்சி 12 வாரமானது. ஒரே கோடை விடுமுறையில் அதை முடித்துவிடலாம். படிப்பை ஒத்திப்போட வசதியில்லாத மாணவருக்கு இது பெரிய உதவி.

இன்றைய நிலை

பொறியியல், கட்டடக்கலைப் பயிற்சி மாணவர்கள் 0899 என்ற பணி வரிசையில் சேர்க்கப்படுகின்றனர். நிரந்தர நியமனம் அமெரிக்கக் குடிமக்களுக்கே உரியது; மாணவர் விசாவில் படிப்பவர்கள் அதைப் பெற இயலாது. நியமனம் உறுதியும் அன்று. அலுவலகம் விரும்பினால் மட்டுமே கிடைக்கும். ஆயினும், கல்லூரியை விட்டு வெளியேறும் முன்பே தன் கைத்திறனைக் காட்ட ஓர் இளைஞருக்கு அரசே களம் தருவது இத்திட்டத்தின் நிலையான சிறப்பு.