மாப்பிள்ளைக்கு வயது என்ன? மலாக்காத் தோட்டங்கள் சொல்லும் கணக்கு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"திருமணத்திற்கு வயது வித்தியாசம் தடையா?" என்பது இன்றைய தலைப்பு. நான் பேசத் தொடங்கும் முன்பே, முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் எழுந்துவிட்டார். ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் மரம் சீவியவர். "எங்க காலத்துல மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் பதினஞ்சு, இருபது வயசு வித்தியாசம் இருக்கும். ஒரு குடும்பமும் உடையல. அதுதாம்மா நம்ம பண்பாடு. நீங்கதான் இப்ப மாத்திட்டீங்க" என்றார். அரங்கமே கைதட்டியது.

ஐயா, உங்கள் அனுபவத்திற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் 'பண்பாடு' என்ற சொல்லைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த இருபது வயது இடைவெளி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போமா?

ஆண்களை ஏற்றி வந்த கப்பல்

மலாயாவின் ரப்பர் தோட்ட வரலாறு நம் மலாக்காவில்தான் தொடங்குகிறது. 1896-இல் டான் சாய் யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பிறகு புக்கிட் ஆசாஹானில் பெருந்தோட்டம் எழுந்தது. ரப்பர் விலை ஏற ஏற ஆள் தேவை பெருகியது. 1907-இல் இந்தியக் குடிநுழைவுக் குழு அமைக்கப்பட்டது. முதலாளிகளிடம் நிதி திரட்டி, ஆட்களின் கப்பல் செலவை ஏற்றார்கள். கங்காணி ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வந்தார்.

தோட்டத்திற்கு வேண்டியது உழைக்கும் கை, குடும்பம் அல்ல. ஆகவே வந்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். 1911 மக்கள் கணக்கெடுப்பில் மலாயா இந்தியரிடையே 1,000 ஆண்களுக்கு ஏறத்தாழ 300 பெண்களே இருந்தனர். 1921-இல் அது 400-ஐச் சற்றே தாண்டியது. 1931-இல்கூட 500-ஐ எட்டவில்லை. இரண்டு ஆண்களுக்கு ஒரு பெண்கூட இல்லை!

இப்போது கணக்கைப் போடுங்கள். இருபது வயதில் வருகிறான் ஒரு வாலிபன். அவனுக்குக் கட்டிக்கொடுக்கத் தோட்டத்தில் பெண் இல்லை. ஊருக்குப் போய்க் கட்டி வரலாம் என்றால் கடன் தீர வேண்டும், பணம் சேர வேண்டும். 1928-இல் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாள் கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தக் கூலியும் பொருளாதார மந்தத்தின்போது குறைந்தது. ஊருக்குப் போக முடியாதவனுக்கு ஒரே வழிதான். தோட்டத்திலேயே பிறந்த பெண் குழந்தைகள் வளரும் வரை காத்திருந்தான். பெண் ஆளானதும் கேட்டு வந்தவர்கள் முப்பதைக் கடந்த மாப்பிள்ளைகள். அவளுக்குப் பதினான்கு, அவனுக்கு முப்பத்து நான்கு. இதைச் செய்தது குலவழக்கம் அல்ல, ஆள்சேர்ப்புக் கணக்கு.

பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பனைக் குறை சொல்வது என் நோக்கம் அல்ல. லயன் வீட்டில் தனி ஆண்கள் நிறைந்திருந்த காலம் அது. ஒரு கைப்பிடி பாதுகாப்பு தேடித்தான் கொடுத்திருப்பார்.

சரி, "குடும்பம் உடையவில்லை" என்றீர்கள் ஐயா. அடுத்தவர் மனைவியைக் கவர்ந்து செல்வதைக் குற்றமாக்கும் பிரிவு ஒன்று காலனிக் காலத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. அதுதான் 498-ஆம் பிரிவு. தோட்டங்களிலிருந்து அத்தகைய வழக்குகள் நீதிமன்றத்திற்கு வந்ததை அருணிமா தத்தா என்ற வரலாற்றாய்வாளர் 2021-இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டுகிறார். உடைந்த குடும்பங்களும் இருந்தன. நாம் அவற்றைப் பேசவில்லை, அவ்வளவே. அந்தப் பிரிவு செல்லாது என்று நம் கூட்டரசு நீதிமன்றம் 2023-இல்தான் தீர்ப்பளித்தது.

காஜா பெராங்கில் வேறு விடை

இதே பெண் பற்றாக்குறைக்கு மலாக்கா பட்டணம் முன்பே வேறொரு விடை கண்டிருந்தது. மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்களும் பெண்களை அழைத்து வரவில்லை. அவர்கள் இங்கிருந்த பெண்களை மணந்தார்கள். அவர்கள் வழி வந்தவர்களே காஜா பெராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள். பேச்சு மலாய், வழிபாடு இந்து சமயம். 1781-இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அவர்கள் பெயர் சொல்கிறது.

வணிகனுக்குச் சந்தையும் தெருவும் இருந்தன. நாலு பேரோடு பழகினான். தோட்டப் பாட்டாளிக்குப் பெரட்டுக் களம், ரப்பர் காடு, லயம், கள்ளுக்கடை. அதைத் தாண்டி உலகம் இல்லை. ஆகவே அவன் வேலிக்குள்ளேயே தேடினான். வயதைப் பார்க்க அவனுக்கு வசதி இல்லை.

பழைய நூலும் புதிய சட்டமும்

"நம் முன்னோர் சொன்னது" என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டிய பத்துப் பொருத்தங்களைத் தொல்காப்பியம் பட்டியலிடுகிறது. அவற்றுள் ஆண்டும் ஒன்று, அதாவது வயது. வயது பொருந்த வேண்டும் என்பதே நம் பழைய நூலின் கட்சி.

தாய்மாமனை மணக்கும் வழக்கமும் வயது இடைவெளிக்கு ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. அக்காள் மகளைக் கட்டும்போது தலைமுறை வித்தியாசம் வந்துவிடுகிறது. அந்த வழக்கத்தை நம் நாட்டுச் சட்டமே ஏற்றிருக்கிறது. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் மாமன், மருமகள் உறவுத் திருமணத்தைத் தடை செய்தாலும், இந்துக்களின் தாய்மாமன் முறைக்கு விலக்களிக்கிறது. ஆனால் சொந்தத்தில் மாமன் இல்லாத வீட்டிலும் இருபது வயது வித்தியாசம் இருந்ததே, அதற்குக் காரணம் கப்பல்தான்.

தமிழகத்திலேயே இதை எதிர்த்துக் குரல் எழுந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணின் திருமண வயது 16-க்குக் குறையக்கூடாது என்று தீர்மானித்தது. அதே ஆண்டு நிறைவேறிய சாரதா சட்டம் 14 என்று வரையறுத்து, 1930 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. ஆனால் அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கான சட்டம். மலாக்காத் தோட்டத்துப் பெண்ணை அது காக்கவில்லை. சீர்திருத்தப் பேச்சுதான் கடல் தாண்டியது. தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் சார்பில் 1935-இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'தமிழ் முரசு' அதை இங்கே கொண்டுவந்தது.

வயது இடைவெளியைத் தமிழர்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார்கள் என்பதும் சரியல்ல. 1949-இல் எழுபதை எட்டிய பெரியார், தம்மைவிட ஏறத்தாழ நாற்பது வயது இளையவரான மணியம்மையாரை மணந்தபோது அவருடைய இயக்கமே இரண்டானது. 'பொருந்தாத் திருமணம்' என்று அண்ணாவின் அணியினர் பிரிந்து, அவ்வாண்டு செப்டம்பர் 17-இல் தி.மு.க. பிறந்தது. மணியம்மையார் சுயவிருப்பத்தில் மணந்தவர் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். விரும்பி மணப்பதும் கேட்காமல் மணமுடித்து வைப்பதும் ஒன்றல்ல.

என் பாட்டியின் கதை

ஜப்பானியர் ஆட்சியில் நிலைமை இன்னும் மோசமானது. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆண்களை லாரி லாரியாக ஏற்றிப் போனார்கள். பலர் திரும்பவில்லை. சிப்பாய்களுக்கு அஞ்சிய பெற்றோர், வயதுக்கு வந்த பெண்களை அவசர அவசரமாகக் கட்டிக்கொடுத்தார்கள்.

அந்தப் பெண்களில் ஒருவர் என் பாட்டி. 1943-இல் அவருக்குப் பதினான்கு வயது. தாத்தாவுக்கு முப்பத்து நான்கு. தாத்தா நல்லவர், கை நீட்டி அடித்ததில்லை என்று பாட்டியே சொல்வார். ஆனால் தாத்தா 1970-இல் இறந்தபோது பாட்டிக்கு நாற்பத்தொன்று. 2009-இல் காலமாகும் வரை முப்பத்தொன்பது ஆண்டுகள் தனி ஆள். கட்டி வாழ்ந்தது இருபத்தேழு ஆண்டு, அறுத்து வாழ்ந்தது முப்பத்தொன்பது ஆண்டு. செங் சந்நியாசிமலைக்கு மாசிமகத்திற்குப் போனால்கூடப் பின்னால்தான் நிற்பார்.

ஒருமுறை கேட்டேன், "பாட்டி, அப்ப உங்களைக் கேட்டாங்களா?" என்று. "யாருடி கேட்டா? பெரட்டுல பேர் கூப்பிட்டா போற மாதிரி போனேன்" என்றார். ஐயா, நீங்கள் சொன்ன உடையாத குடும்பம் என் வீட்டிலும் இருந்தது. அதைத் தாங்கியது யார் என்பதுதான் என் கேள்வி.

கணக்கு மாறியபோது

1938-இல் தோட்டங்களுக்கு உதவித் தொகையில் ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடை செய்தது. புதிய தனி ஆண்களின் வருகை நின்றது. போருக்குப் பின் எடுத்த 1947 கணக்கெடுப்பில் 1,000 ஆண்களுக்குப் பெண்கள் 600-ஐத் தாண்டினர். இங்கேயே பிறந்த பிள்ளைகள் வளர வளர ஆண் பெண் எண்ணிக்கை நெருங்கியது. 1970-களில் பத்து பெரெண்டாம் தடையற்ற வாணிப வட்டாரத்தில் மின்னியல் தொழிற்சாலைகள் வந்தன. தோட்டத்துப் பெண்கள் விடியலில் தொழிற்சாலைப் பேருந்து ஏறினார்கள். கையில் சொந்தச் சம்பளம். உடன் வேலை செய்யும் சம வயதுப் பையன்களைப் பார்த்தார்கள், பேசினார்கள், பிடித்திருந்தால் வீட்டில் சொன்னார்கள். பெண்களின் திருமண வயது கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு உயர்ந்தது.

1982 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த அதே திருமணச் சட்டம், திருமண வயதை 18 ஆக்கியது. 16 நிறைந்த பெண்ணுக்கு மாநில முதலமைச்சரின் சிறப்பு அனுமதி தேவை என்றது. ஆனால் கணவன் மூத்தவனாக இருக்கவேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

ஆக, தோட்டத்துப் பெரிய வயது வித்தியாசம் இரண்டு மூன்று தலைமுறைப் பழக்கம்தான். ஆள்சேர்ப்பு கொண்டுவந்தது, ஆள்சேர்ப்பு நின்றதும் குறைந்தது. அதைப் பண்பாடு என்று சொல்லி இன்றைய பிள்ளைகளின் தலையில் கட்டாதீர்கள்.

முடிக்கும் முன் ஒன்று. எனக்கு முப்பத்தைந்து வயது. நான் மணக்கப் போகிறவருக்கு முப்பத்தொன்று. "நம்ம வழக்கத்துல இது கிடையாதும்மா" என்று என் அத்தை இரண்டு மாதமாக என்னோடு பேசவில்லை. அத்தை இந்த நிகழ்ச்சியைப் பார்ப்பார், பத்திரிகையிலும் படிப்பார். அத்தை, உங்கள் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார்கள், நான் 'சரி' என்றேன். நம் குடும்பத்தில் மாறியிருப்பது அது ஒன்றுதான். வரும் தை மாதம் மண்டபத்திற்கு நீங்கள் வந்து ஆரத்தி எடுக்கவேண்டும்.