கெடாத் தோட்டப்புறமும் மிதிவண்டியும்

கெடா என்னும் பெயரைக் கேட்டதும் தமிழ் மாணவரின் நெஞ்சில் முதலில் எழுவது கடாரம். 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கடற்படை இக்கரையைத் தாக்கிய செய்தியும், பூஜாங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கோயில் அடித்தளங்களும் வகுப்பறைதோறும் பெருமையுடன் பேசப்படுகின்றன. பேசப்பட வேண்டியவையே. எனினும், அரசர் வந்துபோன வரலாறு ஒன்று. எளியோர் வந்து தங்கிய வரலாறு மற்றொன்று. இன்று கெடாவில் வாழும் தமிழருள் மிகப் பலரின் நேர் மூதாதையர், பிழைப்பு நாடிக் கப்பலேறி வந்த பால்மரத் தொழிலாளரே ஆவர்.

அத்தொழிலாளரின் கையிலிருந்த பால்வெட்டுக் கத்தியைப் பற்றியும், அவர் முடங்கிக் கிடந்த லயத்தைப் பற்றியும், அவரைக் கெடுத்த கள்ளுக்கடையைப் பற்றியும் நம் எழுத்தாளர் நிறையவே எழுதியுள்ளனர். அவர் ஏறிச்சென்ற மிதிவண்டி மட்டும் கதைகளின் ஓரத்தில் சாத்தி வைக்கப்பட்ட பொருளாகவே நின்றுவிட்டது. அதை ஓரத்திலிருந்து எடுத்து நடுவில் நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். தோட்டத் தமிழர் தமக்கென்று வாங்கி, தம் விருப்பப்படி திருத்தி, தோட்டத்தை விட்டுச் செல்லும்போது உடன்கொண்டு செல்ல முடிந்த முதற்பெரும் உடைமை அதுவே எனலாம்.

ரப்பரும் உருளையும்

மிதிவண்டிக்கும் தோட்டத்துக்கும் உள்ள உறவு, தொழிலாளர் வண்டி வாங்கிய நாளில் தொடங்கியதன்று, அதற்கும் முற்பட்டது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இலண்டனுக்குக் கொண்டுசென்றார். அவற்றினின்று முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. ஆனால் அவற்றை விரும்பி நடுவார் அன்று இல்லை. 1888இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்து, தோட்ட முதலாளிகளிடம் ஓயாது எடுத்துரைத்தும் நெடுநாள் பயன் விளையவில்லை.

அதே 1888ஆம் ஆண்டில், பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் டன்லப், காற்றடைத்த ரப்பர் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். மூன்றாண்டுகளுக்கு முன்னரே, இரு சக்கரங்களும் ஒத்த அளவினதாய்ச் சங்கிலியால் இயங்கும் மிதிவண்டியை ஸ்டார்லி என்பவர் இங்கிலாந்தில் அமைத்திருந்தார். இவ்விரண்டும் இணைந்ததும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிதிவண்டி மோகம் பெருவெள்ளமாய்ப் பெருகிற்று. ரப்பரின் விலை ஏறியது. பின்னர் மோட்டார் வண்டி வந்து அத்தேவையைப் பன்மடங்காக்கியது. காப்பித் தோட்டக்காரர்கள் ரிட்லியின் பேச்சுக்குச் செவிசாய்த்தது அதன் பின்னரே.

1909இல் சயாமின் மேலாண்மையிலிருந்து கெடா ஆங்கிலேயரின் செல்வாக்குக்குள் வந்தது. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், லுனாஸ், பாடாங் செராய் ஆகிய வட்டாரங்களில் காடு திருத்தப்பட்டு ரப்பர் நிரைகள் எழுந்தன. அந்நிரைகளுக்குக் கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் திரட்டி வந்தனர். ஆகவே, நம் முன்னோர் இந்நாட்டுக்குப் பெருந்திரளாக வந்ததற்கு எங்கோ தொலைவில் ஓடிய மிதிவண்டியும் ஒரு காரணம். அவர்கள் வடித்த பால் கடல் கடந்து சென்று, உருளையாக மாறி, ஒருநாள் அவர்களிடமே திரும்பி வந்தது. இம்முறை விலையோடு வந்தது.

லயத்தில் ஓர் உடைமை

லயத்து வீடு தோட்டத்துக்கு உரியது. வாசலிற் போட்ட கத்தரிப் பாத்தியும் தோட்டத்து மண்ணே. மாடு வளர்த்தோர் பலர் உண்டு. ஆயினும் அது மேய்ந்த புல் துரையின் இசைவைப் பொறுத்தது. வேலை போனால் வீடும் போகும் என்னும் நிலையில், ஒரு குடும்பம் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளத்தக்கவை, பெண்ணின் கழுத்திலும் காதிலும் கிடந்த குன்றிமணிப் பொன்னும் சில ஏனங்களுமே.

தொடக்கத்தில் மிதிவண்டி கிராணியிடமும் தமிழாசிரியரிடமும் மருந்தகத்து உதவியாளரிடமும் மட்டுமே இருந்தது. அது பதவியின் அடையாளம். 1920களின் இறுதியில் ஆடவரின் நாட்கூலி பல வட்டாரங்களில் ஐம்பது காசை ஒட்டியே நின்றது. 1930இல் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்து அதையும் குறைத்தது. அத்தகைய கூலியில் வண்டி வாங்குவது எளிதன்று. பட்டணத்துச் சீனர் கடையில் முன்பணம் கட்டி, மாதந்தோறும் சம்பளம் பெற்ற மறுநாளே தவணை செலுத்தி முடித்தவருக்கே வண்டி சொந்தமாயிற்று. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரிலிருந்து வந்த ராலே வண்டிக்கு மதிப்பு மிகுதி. கறுப்பு வண்ணமும், தடித்த இரும்புக் குழாய்களும், கம்பி இழுத்துப் பிடிக்கும் தடையும் கொண்ட அவ்வண்டி, தந்தைக்குப் பின் மகனுக்கும் உழைத்தது.

வாங்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை. சம்பளத்துக்குச் சம்பளம் ஒவ்வொன்றாக வண்டியிற் சேர்ந்தது. முதலில் விளக்கு. உருளையோடு உராய்ந்து சுழலும் சிறு டைனமோ, இருள் பிரியாத நேரத்தில் செம்மண் சடக்கைக் காட்டிற்று. அடுத்துப் பின்புறச் சுமைதாங்கி. இருபுறமும் கொக்கி அமைத்து வாளிகளைத் தொங்கவிட்டபோது, காண்டாக் கம்பு அழுத்தித் தழும்பேறிய தோளுக்கு ஓய்வு கிடைத்தது. மழைநீரையும் சேற்றையும் தடுக்கும் காப்பு, நல்ல தோல் இருக்கை, மணி, பூட்டு எனப் பட்டியல் நீளும். வாய்ப்புள்ளோர் மூன்று வேகம் கொண்ட பின்சக்கர அச்சையும் பொருத்திக்கொண்டனர்.

இவற்றை வெறும் அழகாசை என்று தள்ளிவிடலாகாது. வெயில் ஏறுமுன் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக வடியும். ஆதலால் பெரட்டு முடிந்ததும் தொழிலாளர் விரைந்து தீம்பாருக்குச் செல்ல வேண்டும். அந்நிரைகளோ லயத்திலிருந்து இரண்டு மைல், மூன்று மைல் தொலைவில் இருக்கக்கூடும். நடந்து சென்றவர் களைத்துத் தொடங்கினார். வண்டியிற் சென்றவர் தெம்போடு தொடங்கினார். மாலையில் மீந்த வலிமை அவரைத் தோட்ட எல்லைக்கு வெளியே அழைத்துச் சென்றது. மளிகைச் சாமானைத் தோட்டத்துக் கடையிற் கடனுக்கு வாங்குவதா, பட்டணத்துச் சந்தையில் விலை கேட்டு வாங்குவதா என்று தேர்ந்துகொள்ளும் உரிமையை அவ்விரு சக்கரங்களே தந்தன.

அறிவும் அவ்வழியே வந்தது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’, சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகிய நாளிதழ்கள் பட்டணத்திலிருந்து தோட்டத்துக்கு வந்த கடைசி மைல்களைப் பெரும்பாலும் மிதிவண்டியிலேயே கடந்தன. 1950களில் மாணவர் மணிமன்றங்கள் தழைத்தபோது, ஒரு தோட்டத்து இளைஞர் மறு தோட்டத்துக் கூட்டத்துக்கும் நாடக ஒத்திகைக்கும் சென்றதற்கு வண்டியே துணை. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளை பட்டணத்து இடைநிலைப் பள்ளிக்குப் போவதா, வேலைக்காட்டுக்குப் போவதா என்பதுகூட, வீட்டில் ஒரு வண்டி இருப்பதைப் பொறுத்த குடும்பங்கள் இருந்தன.

போர்க்காலமும் நெருக்கடிகாலமும்

விடுதலை தந்த கருவியே படையெடுப்பின் கருவியாகவும் வந்தது. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படைகள் சிங்கோரா, பட்டாணி, கோத்தா பாரு ஆகிய இடங்களில் கரையிறங்கின. அவற்றுள் ஒரு பகுதி கெடா எல்லையைக் கடந்து, 11 முதல் 13 வரை ஜித்ராவிலும், அடுத்த இரு நாள்களில் குருணிலும் ஆங்கிலேயரின் பதினோராம் இந்தியப் படைப்பிரிவை முறியடித்தது. அதன் விரைவுக்கு மிதிவண்டிகள் பெரிதும் உதவின. பாலம் தகர்க்கப்பட்ட ஆற்றில் வீரர்கள் வண்டியைத் தோளில் தூக்கிக் கடந்தனர். போருக்கு முன்பே ஜப்பானிய மிதிவண்டிகள் இந்நாட்டில் விற்கப்பட்டிருந்ததால் உதிரிப் பொருள்கள் எங்கும் கிடைத்தன என்றும், உருளை கிழிந்த வண்டிகள் வெறும் இரும்பு வளையத்தோடு ஓடிய ஓசையை எதிரிகள் கவச வண்டிகளின் இரைச்சலென்று மயங்கினர் என்றும், படைத் திட்டம் வகுத்தோருள் ஒருவரான மசானொபு சுஜி பின்னாளில் எழுதினார். எழுபது நாளில் சிங்கப்பூர் வீழ்ந்தது.

பொதுமக்களின் வண்டிகளும் பறிக்கப்பட்டன. எஞ்சியவற்றுக்குப் புதிய உருளை கிடைக்கவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர் மரம் நின்ற நாட்டில், மக்கள் நீர்க்குழாய்த் துண்டுகளையும் கெட்டி ரப்பரையும் சக்கரத்தில் சுற்றிக் கட்டி ஓட்டினர். பாலை வடித்தவர் கையில் அதைப் பொருளாக்கும் ஆலை இல்லை என்பதன் கொடுமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறு வேண்டுவதில்லை. அதே காலத்தில் சயாம்–பர்மா இரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டோருள் எண்ணற்றோர் திரும்பவில்லை. அவர்களுடைய வண்டிகள், இருந்தவை, ஆளின்றி நின்றன.

1948 ஜூனில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு செல்லாதிருக்க அரிசி கட்டுப்படுத்தப்பட்டது. மிதிவண்டியின் குழாயிலும் காற்றடிக்கும் பம்பிலும் அரிசி மறைத்துக் கடத்தப்பட்டதால், வாயிற்காவலில் வண்டிகள் சோதிக்கப்பட்டன. விடியுமுன் புறப்பட வேண்டிய தொழிலாளர் ஊரடங்கு முடியும்வரை காத்து நின்றார். தம் உடைமையைத் தாமே ஐயத்தோடு பிடித்து நிற்கும் நிலை அன்று வந்தது.

தவணை தந்த பாடம்

1950களிலும் 1960களிலும் ஆங்கிலேய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன. வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். பலர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். லயத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறியபோது, பாயும் பானையும் ஏறியது பல வீடுகளில் அந்தப் பழைய மிதிவண்டியின் மீதே.

இத்துயரத்துக்கு மாற்றாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி செலுத்திப் பங்கு சேர்க்கலாம் என்பது திட்டம். அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் என்பது நம் மாநிலத்தார் நினைவில் வைக்கத்தக்கது. “தோட்டத்தான் தோட்டம் வாங்குவதா?” என்று எள்ளியோர் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. சிறுகச் சிறுகத் தவணை கட்டிப் பொருளைத் தனதாக்கிக் கொள்ளும் பழக்கம் அத்தொழிலாளருக்குப் புதிதன்று. மிதிவண்டி வாங்கிய காலத்திலேயே அவர் அதைக் கற்றிருந்தார்.

மீண்டும் சக்கரம்

1958இல் ஜப்பானில் பிறந்து, பினாங்கு வணிகர் லோ பூன் சியூவின் முயற்சியால் இந்நாட்டிற் பரவிய ஹோண்டா சிறு மோட்டார் வண்டி, மெல்ல மெல்ல மிதிவண்டியின் இடத்தைப் பிடித்தது. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை எழுந்தது. கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் ஆலைகளிலும் அலுவலகங்களிலும் அமர்ந்து வேலை செய்யலாயினர். உடல் உழைப்புக் குறைந்தது, நோய் மிகுந்தது. 2019இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வில் நாட்டின் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இனவாரியாக நோக்கின் இந்தியரே முன்னின்றனர். 2023இல் நாட்டளவில் அவ்விகிதம் 15.6 ஆகக் குறைந்தது என்பது சிறு ஆறுதல். வாரத்துக்கு 150 நிமிடமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். முன்னோர் இரண்டு நாளிற் செய்து முடித்த அளவு அது.

இந்நிலையில் ‘ஹைபிரிட்’ எனப்படும் மிதிவண்டி இன்று பட்டணங்களில் காணப்படுகிறது. ஒட்டுக்கட்டிய ரப்பர்க் கன்றை அறிந்தவருக்கு இதன் இயல்பை விளக்குவது எளிது. ஒரு மரத்தின் வேரும் மற்றொன்றின் தளிரும் சேர்ந்து பயன் தருவது போல, பந்தய வண்டியின் பெரிய சக்கரமும் மலைவண்டியின் நேர்க் கைப்பிடியும் பலவகைப் பற்சக்கரங்களும் இதில் இணைகின்றன. நிமிர்ந்து அமரலாம், தார்ச்சாலையிலும் செம்மண்ணிலும் செல்லலாம், வேலைக்கும் போகலாம், உடற்பயிற்சிக்கும் கொள்ளலாம்.

வாங்குவோர் விலைக்கு முன் தம் உயரத்துக்கேற்ற சட்டத்தைப் பார்த்தல் வேண்டும். வாங்கியபின் மேம்படுத்துவதில் பலர் விலையுயர்ந்த பற்சக்கரத்தில் தொடங்குகின்றனர். தோட்டத்து முன்னோரின் வரிசையே சிறந்தது: முதலில் விளக்கு, பின் நல்ல உருளை, பின் இருக்கை, சேற்றுக்காப்பு, சுமைதாங்கி, எஞ்சிய பணமிருந்தால் மற்றவை. நம் சாலைகளின் குழிகளுக்கும் திடீர் மழைக்கும் 35 முதல் 40 மில்லிமீட்டர் அகல உருளை ஏற்றது. மழையில் நனைந்த சங்கிலியைத் துடைத்து எண்ணெயிடாதவரிடம் எத்துணை உயர்ந்த வண்டியும் நிலைக்காது. தலைக்கவசமின்றிச் சாலைக்கு வருதல் கூடாது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. அன்று மிதிவண்டி ஏழையின் உயர்வு. இன்று அது வசதியுடையோரின் விடியற்காலைப் பொழுதாக மட்டும் சுருங்கும் போக்கு உள்ளது. கடைக்கும் பள்ளிக்கும் ஆலைக்கும் அஞ்சாமல் மிதித்துச் செல்லத்தக்க சாலையோரம் சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் அமைந்தாலன்றி, அது மீண்டும் எல்லார்க்கும் உரியதாகாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்தில் வாழ்ந்த முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். “உங்கள் முதல் சைக்கிளை எப்போது வாங்கினீர்கள்? எத்தனை மாதம் தவணை கட்டினீர்கள்? அதில் ஏறி முதலில் எங்கே போனீர்கள்?” என்னும் மூன்று கேள்விகளை மாணவர் தம் பாட்டனாரிடமும் பாட்டியிடமும் கேட்டு எழுதி வரட்டும். கல்வெட்டிற் பொறிக்கப்படாத கடாரத்தின் வரலாறு அவ்விடைகளில் இருக்கிறது. அதை எழுதிவைக்கும் கடமை நம்முடையது.