இல்லாத நாணயம்

நாணயச்சாலையில் தவறிப்போன காசுக்கு ஏன் இத்தனை விலை? சேகரிப்பாளர்களைக் கேட்டால், "கிடைக்கிறது குறைவு, அதான்" என்பார்கள். சரிதான். ஆனால் 1943-ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட், அதற்கும் மேலே ஒன்றைச் சொல்கிறது.

அது போர்க்காலம். செம்பு தோட்டாவுக்கும் மின்கம்பிக்கும் தேவைப்பட்டது. அதனால் அந்த ஓராண்டு மட்டும் ஒரு சென்ட்டைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். மொத்தம் நூறு கோடிக்கும் மேல். வெள்ளிபோல மின்னியதால் பத்து சென்ட் என்று நினைத்து மக்கள் ஏமாந்தார்கள். சீக்கிரத்தில் துருவும் பிடித்தது. 1944-இல் செம்புக்கே திரும்பிவிட்டார்கள்.

இதற்கிடையே ஒரு சின்னக் கோளாறு. முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் சில, அச்சு எந்திரத்துக்கு வில்லை கொண்டுபோகும் தொட்டிகளின் இடுக்கில் சிக்கிக் கிடந்து, எஃகு வில்லைகளோடு கலந்து உள்ளே போயிருக்க வேண்டும் என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். யார் கண்ணிலும் படாமல் அவை சில்லறையாக வெளியே வந்துவிட்டன.

1947-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்ட் ஊரில், பள்ளி உணவகத்தில் மீதிச் சில்லறை வாங்கிய 16 வயது மாணவன் கையில் அப்படி ஒன்று சிக்கியது. 'செம்பு சென்ட் கொண்டுவந்தால் ஹென்றி ஃபோர்டு புதுக் கார் தருவாராம்' என்று அப்போது ஒரு புரளி. விசாரித்தால், சும்மா பேச்சு. கருவூலத்துக்கு எழுதிக் கேட்டான். 1943-இல் செம்பு சென்ட் அடிக்கப்படவே இல்லை என்று பதில் வந்தது.

கையில் காசு இருக்கிறது. அரசாங்கம் அது இல்லை என்கிறது. அவன் அதைத் தூக்கிப் போடவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தான். அவன் முதியவராகி இறந்தபின், 2019 ஜனவரியில் அது 2,04,000 டாலருக்கு ஏலம் போனது. பணம் ஊர்ப் பொது நூலகத்துக்கு. டென்வர் நாணயச்சாலையின் ஒரே ஒரு வெண்கல சென்ட் 2010-இலேயே 17 லட்சம் டாலருக்கு விற்றிருந்தது.

விலை ஏறினால் போலிகள் சும்மா இருக்குமா? எஃகு சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசுகிறார்கள். 1948-இன் எட்டைச் சுரண்டி மூன்றாக்குகிறார்கள். முலாம் பூசியது காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், அசல் ஒட்டாது. சுரண்டியதற்குக் காந்தம் போதாது, பூதக்கண்ணாடி வேண்டும். எனக்கு இதில் உறுத்துவது பண மோசடி மட்டுமல்ல. அசல் பிழை, அரசாங்கத்தின் பதிலையே மறுத்த சாட்சி. போலி என்பது பொய்ச்சாட்சி.

அதே 1943-ஐப் பொறித்த காசு ஒன்று நம் ஊருக்கும் உண்டு: மலாயாவின் சதுர ஒரு காசு. முன்பைவிடச் சிறியது. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. ஆனால் அந்த ஆண்டு மலாயா ஜப்பானியர் கையில். நம்மவர்கள் வாழைமரப் படம் போட்ட நோட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சதுரக் காசில் அச்சுப்பிழை எதுவும் இல்லை. இன்றும் மலிவாகவே கிடைக்கிறது. பிழையே இல்லாத அந்தக் காசு, அப்போது இங்கே இல்லாத ஓர் ஆட்சியை இருப்பதாகச் சொல்கிறது.