காலித் துறையில் இறங்கிய கப்பல் பயணிகள்

இலங்கையின் தென்மேற்குக் கரையில் உள்ள காலி, கொழும்பு பெருந்துறைமுகம் ஆவதற்கு முன் கீழ்த்திசைக் கடல்வழிகள் கூடும் இடமாக இருந்தது. 1840களின் தொடக்கம் முதல் 1882 வரை, கல்கத்தாவுக்கும் சீனாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போன நீராவிக் கப்பல்கள் இங்கே நங்கூரமிட்டன. அவற்றில் வந்தவர்களை ஏற்றி இறக்கிச் சுற்றிக்காட்ட நிறுவனம் எதுவும் கிடையாது. கரையில் இறங்கியவர் தாமே நடந்தார், தாமே வண்டி பிடித்தார், தாமே விலை பேசினார். இன்று உல்லாசக் கப்பல்களில் போகிறவர்களில் ஒரு சாரார் விரும்பும் தனிச்சுற்று, அந்த நாளில் எல்லோருக்கும் வாய்த்த ஒரே வழி.

வெளிநாட்டார் வந்து இறங்குவது இந்த ஊருக்கு அதற்கும் வெகுகாலம் முன்பே பழக்கம். 1344இல் இலங்கை வந்த இப்னு பதூதா காலியைச் சிறிய ஊர் என்று குறித்திருக்கிறார். 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹேயின் வருகையைச் சொல்கிறது. அதன் சீனப் பகுதி புத்தரையும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தையும், தமிழ்ப் பகுதி தெவிநுவரையில் கோயில்கொண்ட தெனாவரை நாயனாரையும் போற்றுகின்றன. தொலைதூர நாட்டுப் பேரரசர் ஒருவர் இந்தக் கடற்கரையில் பேச விரும்பியபோது தமிழையும் சேர்த்துக்கொண்டார் என்பது தமிழ் வாசகர் நினைவில் வைக்கத்தக்க செய்தி. காலியில் மதகு மூடிய பலகைக் கல்லாகக் கிடந்த அது 1911இல் கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

போர்த்துக்கீசியர் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். 1640இல் அதைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் கடல்முனை முழுவதையும் மதிலால் வளைத்து, உள்ளே நேர்க்கோட்டுத் தெருக்களையும் நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய்களையும் அமைத்தார்கள். பிற்காலப் பயணிக்கு இந்த அமைப்பே பெரிய உதவியாயிற்று. மதிலுக்குள் அடங்கிய ஊரில் வழி தவறிவிட முடியாது. எந்தத் தெருவில் நடந்தாலும் மதிலையோ கடலையோ எட்டலாம். படகுத்துறை கோட்டை வாசலுக்கு அருகிலேயே இருந்ததால், இறங்கிய சில நிமிடங்களில் ஊருக்குள் வந்துவிடலாம். 1796இல் பிரிட்டிஷார் வசம் வந்தபோதும் இந்தத் தெரு அமைப்பு மாறவில்லை.

1842இல் பி அண்ட் ஓ நிறுவனத்தின் 'ஹிந்துஸ்தான்' கப்பல், சூயஸ்–கல்கத்தா தடத்தைத் தொடங்கிவைக்க இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. சூயஸ் கால்வாய் அப்போது இல்லை. பயணிகள் அலெக்சாந்திரியாவில் இறங்கி, எகிப்தைத் தரைவழியாகக் கடந்து, சூயஸில் மறு கப்பல் ஏறினார்கள். அந்தக் கப்பல்கள் நிலக்கரி நிரப்பக் காலியில் நின்றன. 1845இல் பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங் செல்லும் கிளைத் தடம் இங்கிருந்து தொடங்கியது. 1850களில் ஆஸ்திரேலியத் தடமும் சேர்ந்தது. ஐரோப்பியச் செய்தி இலங்கையில் முதலில் எட்டிய இடமும் காலிதான். தந்தி வருவதற்கு முன், கொழும்பின் 'சிலோன் அப்சர்வர்' பத்திரிகை அந்தச் செய்திகளைக் காலியிலிருந்து புறா மூலம் வரவழைத்தது.

நிலக்கரி ஏற்றும்போது தூள் தளமெங்கும் படியும். அறைகளை மூடிவிட்டால் உள்ளே வெக்கை தாங்காது. அதனால் கப்பலில் தங்குவதைவிடக் கரையேறுவதே மேலாக இருந்தது. கப்பல்கள் கரையை ஒட்டி நிற்க முடியாமல் விரிகுடாவில் நின்றன. பக்கக்கட்டை பொருத்திய ஒடுங்கிய உள்ளூர்ப் படகுகள் அவற்றைச் சூழ்ந்துகொள்ளும். கப்பல் மாறுகிறவர்கள் அடுத்த கப்பல் வரும்வரை விடுதிகளில் தங்கினார்கள். டச்சுக் காலக் கட்டடம் ஒன்றில் 1860களில் தொடங்கிய ஓரியன்டல் ஹோட்டல் அவற்றுள் பேர்பெற்றது. அதே கட்டடம் இன்றும் விடுதியாகவே நடக்கிறது. பெரும்பாலான பயணிகளுக்குக் காலி வழியில் வந்த ஊர்தான். ஆனால் காத்திருக்க நேர்ந்ததால் அவர்கள் ஊரைப் பார்த்தார்கள், பார்த்ததை எழுதினார்கள். அக்காலப் பயண நூல்களில் காலிக்கென்று சில பக்கங்கள் திரும்பத் திரும்ப வருவதற்கு அதுவே காரணம்.

அந்தப் பக்கங்களில் தவறாமல் வருகிறவர்கள் வியாபாரிகள். ஆமையோட்டுச் சீப்பு, கருங்காலி யானை, பின்னல் லேஸ், நீலக்கல் என்று கப்பல் தளத்திலும் விடுதித் தாழ்வாரத்திலும் விரித்துவிடுவார்கள். மணிக்கல் வணிகர்களில் பெரும்பகுதியினர் வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம்கள். கல் என்று கண்ணாடியை விற்றார்கள் என்ற புகாரும் உண்டு. அதே வணிகர்கள் கல்லின் தரம் அறிந்து தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்தவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரத்தில் கப்பலேறிவிடும் அந்நியரின் சொல்லை மட்டும் வைத்து அந்தச் சமூகத்தை எடைபோடுவது நியாயமாகாது. நேரம் இருந்தவர்கள் குதிரை வண்டியில் வக்வெல்லைக்குப் போய், மேட்டிலிருந்து ஜின் கங்கையையும் வயல்களையும் பார்த்துத் திரும்பினார்கள். மற்றவர்களுக்கு மாலையில் மதில்மேல் ஒரு நடை.

துறைமுகத்தின் குறை அதன் வாயில். பாறைகள் மறைந்திருக்கும் விரிகுடா அது. தென்மேற்குப் பருவக்காற்றுக்கும் திறந்து கிடந்தது. 1860 மே மாதத்தில், சீனாவுக்குச் சென்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவும் பிரெஞ்சுத் தூதர் குரோவும் இருந்த 'மலபார்' கப்பல் இங்கே பாறையில் மோதிச் சேதமுற்றது, இருவரும் தப்பினார்கள். 1871இல் 'ரங்கூன்' கப்பல் துறைமுக வாயிலிலேயே மூழ்கியது. காப்பித் தோட்டங்களின் சரக்கும் 1867இல் திறந்த கண்டி ரயில் பாதையும் கொழும்பின் பக்கம் இருந்தன. அங்கே அலைதடுப்புச் சுவருக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1882இல் பி அண்ட் ஓ கப்பல்கள் கொழும்புக்கு மாறின. 1885இல் அந்தச் சுவர் முடிந்தது.

மாறியது துறைமுகம் மட்டுமல்ல, ஊர் பார்க்கும் முறையும்தான். 1872–73இல் தாமஸ் குக் நடத்திய முதல் உலகச் சுற்றுப்பயணம் இலங்கையைத் தொட்டது. பின்னர் அந்த நிறுவனம் கொழும்பில் கிளை திறந்தது. பெருநகரம், குறைந்த நேரம், தொலைவிலுள்ள கண்டி: மூன்றும் சேர்ந்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்ட சுற்றுலா தேவைப்பட்டது. காலியில் அந்தத் தேவை எழவே இல்லை. ஊர் சிறிதாகவும் துறைக்குப் பக்கத்திலும் இருக்கும் இடத்தில் வழிகாட்டி இல்லாமலே பயணி சமாளித்துக்கொள்கிறார் என்பதற்கு இந்த இரண்டு துறைமுகங்களே தெளிவான சான்று.

கப்பல்கள் போனபின் காலியின் வருமானம் சுருங்கியது. விடுதிகளுக்கும் படகோட்டிகளுக்கும் அது பெரிய அடி. 1894இல் கொழும்பிலிருந்து ரயில் வந்தது. பழைய வாணிபம் திரும்பவில்லை. பணம் குறைந்ததால் கோட்டைக்குள் பெரிய கட்டடங்கள் எழவில்லை. டச்சுக் காலத் தெருக்களும் வீடுகளும் பெருமளவு அப்படியே தங்கின. 1988இல் யுனெஸ்கோ கோட்டையை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மதிலுக்கு வெளியே பேருந்து நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் வாரிச் சுருட்டியபோது, மதில் உள்ளூரைப் பெரிதும் காத்தது.

இப்போதைய உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் கொழும்புக்குத்தான் போகின்றன. அங்கே இறங்கிக் காலிக்குத் தனியே போக விரும்புகிறவருக்குக் கடலோர ரயில் உண்டு. ஒரு வழிக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் பிடிக்கும். 2011இல் திறந்த தெற்கு அதிவேகச் சாலை அதைவிட விரைவானது. கப்பல் காலி விரிகுடாவிலேயே நிற்கும் அரிய நாட்களில் இரண்டும் வேண்டியதில்லை: படகில் கரைசேர்ந்து, பழைய வாசலைக் கடந்து, 1755இல் எழுந்த டச்சுத் தேவாலயம், கலங்கரை விளக்கம், மீரா பள்ளிவாசல் என்று மதிலோரமாக நடந்து, கப்பல் புறப்படும் நேரத்துக்கு முன் துறைக்குத் திரும்பிவிடலாம்.